வெள்ளிக்கிழமை கைமாறும் வீடுகள்

ரொறன்ரோவில் வீடுகள் எல்லாம் வெள்ளிக்கிழமையில்தான் கைமாறும். அதுவும் மாதத்தின் கடைசி வெள்ளியில், பின்னேரத்தில், கூடுமானால் மழைக்குள். வீடு வாங்கி முடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாங்கப் போகிறவர்களுக்கு அந்தக் கலக்கம் இனித்தான் வர இருக்கிறது. இரண்டு பகுதியாரோடும் சேர்ந்து கலங்குவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் லோயரின் அலுவலகம். வீடு வாங்குவோர் விற்போருடைய காகிதங்களைப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. லோயர் கயானாவில் பிறந்த பெண்மணி. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வருகிறவர்களோ பெரும்பாலும் எங்கள் ஆட்கள். அதனால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். படித்ததோ அரசியல் விஞ்ஞானம். வீட்டுச் சட்டம் பற்றி அப்போது எனக்குத் தெரிந்திருந்தது நாங்கள் இருந்த அப்பார்ட்மென்றின் வாடகை ஒப்பந்தம் மட்டுமே. ஆகவே வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்து முடிந்த பிறகும் பயம் போகாது.

லோயர் எதுக்கு?

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் கிழமை சிவகுமார் அண்ணையும் அவருடைய மனைவி வசந்தி அக்காவும் வந்தார்கள். அவருக்குக் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அக்காவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில். ரெக்ஸ்டேலில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எட்டு வருடம் இருந்துவிட்டு, அஜின்கோர்ட்டில் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணின் வீட்டுக்கு விலை பேசியிருந்தார்கள். ஒரு பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பங்கிடும் சிறிய வீடு. அதன் படத்தை அக்கா கைப்பைக்குள் குழந்தைப் படம் போல வைத்திருந்தார்.

"தங்கச்சி, விலை பேசியாச்சு. பாங்க் ஓம் எண்டிட்டுது. ஏஜென்ற் கையெழுத்தும் வாங்கியிட்டார். இனி லோயர் எதுக்கு?" என்று அண்ணை கேட்டார். நான் பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். வீடு உண்மையில் விற்கிறவருடையதா, அதன்மேல் பழைய மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், கிடக்கிறதா, நகரசபை வரி கட்டியிருக்கிறதா, வேறு யாருக்கும் உரிமை உண்டா என்று பார்ப்பது. பிறகு வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் பதிந்து சாவியை வாங்கித் தருவது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அப்ப விக்கிறவவுக்கும் நீங்களே எழுதினால் என்ன? ஊரிலை உறுதி எழுதிற நொத்தாரிசு ஒராள்தான். வித்தவரும் வாங்கினவரும் ஒரே வாங்கிலை இருந்து கையெழுத்து வைச்சிட்டு, ஒண்டாத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவினம்" என்றார்.

லோயரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். இரு பக்கத்துக்கும் நடுவே பிணக்கு வந்தால் ஒரே ஆள் இருவருக்கும் உண்மையாக இருக்க முடியாது என்று அவர் இரண்டு வசனத்தில் விளக்கினார். அதைத் தமிழாக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அதுவரை வாய் திறக்காத வசந்தி அக்கா அண்ணையின் பக்கம் திரும்பிச் சுருக்கமாக முடித்தார்: "இஞ்சை சண்டை வரும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வீடே வாங்கிறவை போலை."

நாலு எல்லையும் எங்கை?

றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிய ஒருவர் ஊரில் கிராம சேவகராக இருந்தவர். வரைவு உறுதியை அவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நான் எதையோ ஒளித்துவிட்டேன் என்ற சந்தேகம் இருந்தது. "லொட் நம்பர் இருக்கு, பிளான் நம்பர் இருக்கு. கிழக்காலை ஆர், மேற்காலை ஆர் எண்டு ஒண்டையும் காணேல்லை. கிணத்துப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை, நிக்கிற மரம் ஒண்டும் எழுதேல்லை. உதை உறுதி எண்டு சொல்லி ஆர் நம்புவான்?"

வரைபடம் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது, இலக்கம் ஒன்றே போதும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சனி ஞாயிறு பொறுத்து, திங்கட்கிழமை வந்தார். ஒரு கலண்டர் தாளின் பின்புறத்தில், அழகான கையெழுத்தில், நான்கு எல்லையும் இருந்தன. கிழக்கே ஒரு சீனக் குடும்பம், மேற்கே ஈரானியப் பல் வைத்தியர், தெற்கே தெரு, வடக்கே பள்ளமும் காடும். வீடு வீடாகக் கதவு தட்டிப் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார். பல் வைத்தியர் கூப்பிட்டு இருத்தித் தேநீரும் கொடுத்தாராம். அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்கச் சொன்னார் கிராம சேவகர். எங்கள் லோயர் சிரிக்காமல் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். போகும்போது அவர் வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "நாளைக்கு ஒரு வில்லங்கம் வந்தால் உந்த லொட் நம்பரே வந்து சாட்சி சொல்லப்போகுது, பிள்ளை?"

ஆற்றை பேரிலை எழுதிறது?

உறுதியை யார் பெயரில் எழுதுவது என்று சிவகுமார் அண்ணை குடும்பத்திடம் கேட்க வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் இரண்டு வழி உண்டு: ஒருவர் இல்லாமல் போனால் முழுவதும் மற்றவருக்குப் போகும் வழி, அல்லது ஆளுக்கொரு பங்கென்று பிரித்து வைக்கும் வழி. இதை நான் இரவிரவாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அண்ணை இரண்டையும் ஒதுக்கிவிட்டார். "எங்களுக்கு வேண்டாம். மூத்தவளின்ரை பேரிலை எழுதுங்கோ. வீடு எப்பவும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே போறது."

மூத்தவள் அங்கேதான், கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். வயது ஏழு. மோட்கேஜில் கையெழுத்து வைக்க முடியாத வயது என்று லோயர் சொன்னார். "பெரிசா வளர்ந்தாப்பிறகு வைப்பாள்தானே, அதுக்குள்ளை என்ன அவசரம்?" என்று அண்ணை என்னிடம் வாதாடினார். எங்கள் சனத்தின் சீதன வழக்கத்தை லோயருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒன்ராறியோச் சட்டத்தை அண்ணைக்குத் தமிழில் விளக்கினேன். நடுவில் எந்தப் பக்கத்துக்கு எதைச் சொன்னேன் என்று எனக்கே மறந்துபோனது. கடைசியில் வழக்கைத் தீர்த்தவள் வீட்டுக்காரிதான். "அப்பா, இட்ஸ் ஓகே. நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு ஜஸ்ற் மேல் ரூம் போதும்."

சாவி எத்தினை மணிக்குக் கிடைக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. விடை தெரிந்தவரும் இல்லை. உறுதி காணிப் பதிவு அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். அதற்கு இரு பக்கத்துக் கிளார்க்குகளும் அங்கே போய், வரிசையில் நின்று, ஒருவர் கையில் உறுதியும் மற்றவர் கையில் காசோலையுமாகக் காத்திருக்க வேண்டும். முத்திரை விழுந்த பிறகுதான் சாவி. பன்னிரண்டு மணியும் ஆகலாம், நாலு மணியும் ஆகலாம்.

இதைத் தொலைபேசியில் ஒரு அன்ரிக்குச் சொன்னேன். அவருடைய சாமான்கள் ஏற்கெனவே ட்றக்கில் ஏறியிருந்தன. ட்றக் தெருவில் நின்றது. ட்றக்காரர் மணிக்கு இவ்வளவு என்று கேட்கிறவர். அன்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளைப்பேறுக்குக்கூட டொக்டர் ஒரு நேரம் சொல்லுவார்."

உங்கடை பேரை எந்தப் பக்கத்தாலை வாசிக்கிறது?

இனிச் சொல்வது என் பிழை. சிரித்துக்கொண்டு எழுத முயல்கிறேன், அன்று சிரிக்கவில்லை.

வீடு கைமாறும் முன் பெயர் தேடல் என்று ஒன்று உண்டு. வாங்குகிறவர் மேல் கடனைக் கட்டச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது நிலுவையில் இருந்தால், வீடு அவர் பெயருக்கு வந்த அடுத்த நிமிடமே அது வீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெயர் சுத்தம் என்ற சான்று இல்லாமல் வங்கி மோட்கேஜ் பணத்தை விடாது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதே. அப்பாவின் பெயர் ஒரு காகிதத்தில் முன்னுக்கு வரும், இன்னொன்றில் பின்னுக்கு வரும். "உங்கள் ஆட்களை இரண்டு பக்கமும் தேடு" என்று லோயர் முதல் நாளே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை நீதிமன்ற அலுவலகத்துக்குத் தேடப் போனேன். வரிசை நீளம். ஒரு பக்கம் மட்டும், சிவகுமார் என்பதைக் குடும்பப் பெயராக வைத்துத் தேடினேன். சுத்தம். மற்றப் பக்கத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று வந்துவிட்டேன். நாளைக்கு வேறு நாலு வீடு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, அவர்களுடைய வீடு கைமாற வேண்டிய நாள், காகிதங்களை அடுக்கும்போது அண்ணையின் சாரதி அனுமதிப்பத்திரப் பிரதியைக் கண்டேன். அதில் குடும்பப் பெயர் அப்பாவின் பெயரான கந்தையா. போட்டது போட்டபடி ஓடினேன். நீதிமன்ற அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றேன். கந்தையா, சிவகுமார்: ஒரு தீர்ப்பு. பெரிய தொகை. திரும்பி வந்து லோயரிடம் ஒளிக்காமல் சொன்னேன், ஒரு பக்கம்தான் தேடினேன் என்று. அவர் என்னைப் பார்த்து, "அழுவதற்கு ஐந்து மணிக்குப் பிறகு நேரம் தருகிறேன், இப்போது தொலைபேசியை எடு" என்றார்.

தொகை சிறியதென்றால் அது நான் அல்ல என்று அண்ணையே சத்தியக் கடதாசி கொடுத்திருக்கலாம். இந்தத் தொகைக்கு வழக்குப் போட்டவரின் லோயர் எழுதித் தரவேண்டும். அந்த லோயருடைய அலுவலகத்தின் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் கோப்பை எடுத்து விலாசம் வாசித்தார். ரெக்ஸ்டேல். அதே தெரு. அதே கட்டடம். கதவிலக்கம் மட்டும் 1207, எங்களுடையவர்கள் 507. வீடு மாறியிருக்கலாமே என்றார். அந்தக் கட்டடத்தில் பாதி தமிழர்தான் என்று நான் சொன்னது அவருக்குச் சாட்சியமாகத் தெரியவில்லை. அந்தப் பெண் கோபப்படவே இல்லை, உண்மையாகவே என்னைக் கேட்டார்: "அதே பெயர், அதே கட்டடம். என் இடத்தில் இருந்தால் நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா?"

எந்தச் சிவகுமார்?

பதிவு அலுவலகம் நாலரைக்குப் பூட்டும். அதற்குள் முடியாவிட்டால் ஒப்பந்தம் முறிந்ததென்று விற்கிறவர் பக்கம் சொல்லலாம், வீடு போகலாம். பழைய அப்பார்ட்மென்றுக்கு மதியம் வேறு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு பிள்ளைகளோடு அவர்கள் தெருவில் நிற்க வேண்டிவரும். காரணம் நான்.

அப்பார்ட்மென்றுக்கு எடுத்தேன். தொலைபேசி இன்னும் வெட்டப்படவில்லை. வெறும் அறையில் வசந்தி அக்காவின் குரல் எதிரொலித்தது.

"அக்கா, அண்ணைக்கு எதிரா எப்பவாவது ஒரு வழக்கு..."

"என்ன வழக்கு? அந்த மனுசன் பார்க்கிங் ரிக்கற்கூட வாங்கினதில்லை. காரே போன வருசம்தானே வாங்கினது."

"அதே பேரிலை ஒராள். உங்கடை கட்டடம்தான். ஆயிரத்து இருநூற்றி ஏழு..."

"ஐயோ, உது பன்ரண்டாம் மாடிச் சிவகுமார் எல்லோ!" அக்கா போட்ட சத்தத்தில் நான் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தேன். "அவற்றை கடிதமெல்லாம் எங்கடை பெட்டிக்கை வரும். எங்கடை கடிதம் அவற்றை பெட்டிக்கை போகும். ஒருக்கா அவருக்கு வந்த கலியாண அழைப்புக் காட்டை எங்களுக்கெண்டு நினைச்சு நாங்கள் வெளிக்கிட்டுப் போய், காசு என்வலப்பும் குடுத்து, வடிவாச் சாப்பிட்டும் வந்தனாங்கள். பேந்துதான் தெரியும். வெக்கத்திலை நான் ஒரு கிழமை லிப்ற்றிலை ஏறேல்லை."

அந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்டேன். வேறு இடம் போய் மூன்று வருடமாம், விலாசம் தெரியாதாம். அந்த வழியும் அடைபட்டது என்றேன். அக்காவின் குரலோ ஏறியது. அந்தக் கலியாணப் பெண்ணின் தாயோடு பிறகு சிநேகிதமாம். அழையாமல் போய்ச் சாப்பிட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே சிநேகிதமாகிவிட்டார்களாம். "போனை வையும், அவவிட்டை நான் எடுத்துக் கேக்கிறன்" என்று துண்டித்தார். இருபது நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது. ஆள் அகப்பட்டுவிட்டார்! இங்கேதான், அஜின்கோர்ட்டில், ஓர் அச்சகத்தில் வேலை. அண்ணை காரை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிவரப் போய்விட்டார். அக்காவின் பெருமைக்கு அளவில்லை: "பொலிசிட்டைச் சொன்னால் ஒரு மாசம் எடுப்பான், தங்கச்சி, கலியாண வீட்டுக்காரருக்கு இருபது நிமிசம் காணும்."

கையெழுத்து வைச்சால் எனக்கு என்ன நடக்கும்?

ஒரு மணிக்கு அவர் வந்தார். மெலிந்த மனிதர், நகக் கண்களில் நீல மை. அவரும் எங்கள் சிவகுமார் அண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, வசந்தி அக்காவும் பிள்ளைகளும் பின்னால். அண்ணையின் வேலைத்தளத்து ஆள் ஒருவர் கொண்டுவந்து விட்டுப்போன வாடகை ட்றக் கீழே பிளாசாவில். செயலாளரிடம் ஃபாக்ஸில் கேட்டாயிற்று: தீர்ப்புக்கு உரியவர் நான்தான், இந்த வீடு வாங்குகிறவர் வேறு ஆள் என்று இவர் சத்தியக் கடதாசி தந்து, பிறந்த திகதியும் இப்போதைய விலாசமும் காட்டினால் அவர்களுடைய லோயர் எழுதித் தருவார். கடதாசியை நான் தட்டெழுதி வைத்திருந்தேன். பேனாவையும் திறந்து வைத்திருந்தேன்.

அவர் பேனாவை எடுத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்து வைச்சால் எனக்கு என்ன நடக்கும், தங்கச்சி?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லோயர் முன்பே சொல்லியிருந்தார்: நாங்கள் அவருக்கு லோயர் அல்ல, அவர் கேட்டால் மறைக்காதே. மறைக்க வேண்டாம் என்று சொல்வது சுலபம். கீழே ட்றக் நிற்கிறது. ஆனாலும் சொன்னேன். இவர் தன் சிநேகிதர் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குப் பிணை நின்று வந்த வழக்கு அது. சிநேகிதர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இவரைத் தேடியவர்களிடம் பழைய விலாசம்தான் இருக்கிறது. "இதிலை கையெழுத்து வைச்சால் உங்கடை புது விலாசம் அவையளுக்குப் போகும். உங்களைப் பிடிச்சுக் கேப்பினம். நாங்கள் உங்கடை லோயர் இல்லை, அண்ணை. றோட்டுக்கு அந்தப் பக்கம் வேறை ஒரு லோயர் இருக்கிறார். அவரைக் கேட்டிட்டு வாறதெண்டால் நாங்கள் பொறுத்துத்தான் ஆகவேணும்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். படியில் காலடிச் சத்தம் கேட்டு, பிறகு நின்றுபோனது. சிவகுமார் அண்ணை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், "அவர் தப்பிப் போகக் கதவைத் திறந்து விட்டது நீர்தான், பிள்ளை." அக்கா சின்னவளின் தலையை வாரத் தொடங்கினார். வாரி முடித்து, அவிழ்த்து, மறுபடி வாரினார். இருபத்தைந்து நிமிடம்.

படியில் மறுபடி காலடி. அக்காவின் சீப்பு பாதியில் நின்றது! அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "அந்த லோயர் வைக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவர்," என்றபடியே பேனாவை எடுத்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக வைத்தார். ஏன் என்று எங்கள் அண்ணை கேட்டுவிட்டார். அவர் வசந்தி அக்காவைக் காட்டினார். "லிப்ற் வேலை செய்யாத நாளிலை எங்கடை அம்மாவின்ரை கடிதத்தைக் கொண்டு ஏழு மாடி ஏறி வந்தவ இவ, எனக்கு ஒரு கையெழுத்து என்ன பாரமே?"

இன்னும் முடியேல்லையோ?

கடதாசியை ஃபாக்ஸில் அனுப்பினோம். வழக்குக்காரரின் லோயர் நீதிமன்றத்தில் நிற்கிறார், மூன்றுக்குத்தான் வருவார் என்றார் செயலாளர். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் சப்வே ரயிலில் நகர மத்திக்கு ஓடினேன். பதிவு அலுவலகத்தில் வரிசை வாசல்வரை வளைந்து கிடந்தது. விற்கிறவர் பக்கத்துக் கிளார்க், நரைத்த தலையோடு ஒரு பெரியவர், உறுதியும் சாவி உறையுமாக நின்றார். எங்கள் நிலைமையைச் சொன்னேன். நாலேகாலுக்குப் பிறகு நிற்கமாட்டேன் என்று சொல்லி வாயில் ஒரு பெப்பர்மின்ற் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று தந்தார்.

பொதுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்கு எடுத்தேன். மூன்று பத்து, இல்லை. மூன்றரை, இல்லை. மூன்றே முக்கால், வழக்குக்காரரின் லோயர் வந்துவிட்டார், வாசிக்கிறாராம். நாலு மணிக்கு என்னிடம் கடைசிக் காசு. போட்டேன். எங்கள் லோயர் ஹலோகூடச் சொல்லவில்லை. "வந்துவிட்டது! வங்கியும் சரி என்றுவிட்டது. பதி!" நான் ரிசீவரை மாட்டினேனா என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. திரும்பி ஓடினால் வரிசையில் என் இடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பெரியவர் தன் தடித்த மேலங்கியை அகல விரித்து இரண்டு பேருக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசித் தேடல் பார்த்து, கட்டணம் கட்டி, நாலு இருபத்திரண்டுக்கு முத்திரை விழுந்தது. டொக் என்ற அந்தச் சத்தத்துக்கு நான் கை தட்டினேன். கவுண்டர்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாலேகால் தாண்டியும் போகாமல் நின்ற பெரியவர் சாவி உறையை என் கையில் வைத்து, காசோலையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எத்தனையோ வருடமாய் இந்த வரிசையில் நிற்கிறேன், ஒரு மனிதன் இன்னொரு மனிதன் அல்ல என்பதற்கு இவ்வளவு ஓடியதை இன்றுதான் பார்க்கிறேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாமோ?

கெனடி சப்வே நிலையத்துக்கு வெளியே, ஆட்களை ஏற்றும் இடத்தில், நிற்கக்கூடாத ஒரு ட்றக் விளக்குகளை மின்னிக்கொண்டு நின்றது. பின்னால் சோபாவின் ஒரு கால் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ட்றக்கை ஓட்டி வந்திருந்தவர் பன்னிரண்டாம் மாடிச் சிவகுமார். எப்படியும் அரைநாள் லீவு போட்டாயிற்று, சாமான் இறக்கிவிட்டுப் போகிறேன் என்று ஏறிக்கொண்டாராம். அடுத்த கிழமை றோட்டுக்கு அந்தப் பக்கத்து லோயரையே கூட்டிக்கொண்டு போய்த் தன் வழக்கைப் பேசித் தீர்க்கப் போவதாகவும் சொன்னார். ஒளிந்திருந்த ஆளின் முகம் அல்ல அது, மழைத்தூறலிலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாவியை வசந்தி அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் உறையைக் கிழிக்கவில்லை. இரு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் காருக்குள் துள்ளினார்கள். இதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. காலையில் லோயருக்குச் சொன்னதை இவர்களுக்கு இன்னும் சொல்லவில்லையே. சொன்னேன். திங்கட்கிழமை நான் பேரை ஒரு பக்கம்தான் தேடினேன், மற்றப் பக்கத்தையும் அன்றைக்கே பார்த்திருந்தால் நாலு நாள் இருந்திருக்கும், இன்றைக்கு இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம் என்று. ஐந்து மணி தாண்டிவிட்டதால் லோயர் தந்த அனுமதிப்படி அழவும் செய்தேன்.

சிவகுமார் அண்ணை தலையைச் சொறிந்தார். மற்றச் சிவகுமாரும் தலையைச் சொறிந்தார். வசந்தி அக்காதான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உமக்கென்ன விசரே? நீர் திங்கட்கிழமையே வடிவாப் பாத்திருந்தால் இவர் இண்டைக்கு லீவு போட்டிட்டு வந்து எங்கடை சோபாவைத் தூக்குவாரோ?"

ஆகவே, வீடு வாங்கப் போகும் அன்பர்களே, உங்கள் பேரை இரண்டு பக்கமும் தேடுவது இனி என் பொறுப்பு; அதே பேரில் இருக்கிற மற்ற ஆளோடு மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.